முன் இருக்கையில் அர்ச்சனைத் தட்டு

வெள்ளிக்கிழமை.

பல நாள் ஆலோசனைக்குப் பின், காரின் முன் இருக்கைக்குச் சாம்பல் நிற உறை போடுவதென்று இன்று காலை முடிவாயிற்று.

உறைக்காக இருக்கையைக் கழற்றியதில், அங்கே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. ஆள் இல்லை என்று அது நினைத்தால் விபத்தில் எயார்பேக் விரியாது. அங்கே உட்காருபவர் மெலிந்த உடம்புக்காரியான என் மனைவி.

மருதனார்மடத்து மெக்கானிக் சிவா கணினியை இணைத்தார்.

“அண்ணை, வெறும் சீற்றைக் காட்டித்தான் இதுக்குப் பூச்சியம் படிப்பிக்கவேணும்.”

சீற்றில் மனைவியின் அர்ச்சனைத் தட்டு இருந்தது. தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். மனைவி கோயிலிலிருந்து வந்து சந்தைக்குப் போயிருந்தார்.

“நான் மச்சம் சாப்பிட்டனான், கோயில் தட்டைத் தொடமாட்டன். நீங்கள் எடுங்கோ,” என்றார் சிவா.

நான் எடுக்கவில்லை. “உது என்ன பெரிய பாரமே, விடும்,” என்றேன்.

சிவா விட்டார். தட்டுத்தான் வெறுமை என்று கார் கற்றுக்கொண்டது.

மனைவி வந்து, தட்டைப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். எயார்பேக் வேலை செய்யாது என்று விளக்கு எரிந்தது.

“ஏன் தம்பி, உந்தக் கார் என்னை ஆளா மதிக்கேல்லையோ?”

“தட்டின்ரை பாரத்தைக் கழிச்சுப்போட்டுது அக்கா. உங்களைச் சின்னப்பிள்ளை எண்டு நினைக்குது.”

“அப்ப தட்டை எடுத்திருக்கலாமே? இவர் இஞ்சைதானே நிண்டவர்?”

“அண்ணையும் தொடேலாது அக்கா. ரெண்டுபேரும் சேர்ந்துதானே மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டனாங்கள்.”

நான் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் உண்பதில்லை என்பது அதுவரை எங்கள் வீட்டில் நிலவிய நம்பிக்கை.

மனைவி தட்டோடு இறங்கி, பேருந்தில் ஏறி வீட்டுக்குப் போனார்.

சிவா மறுபடி பூச்சியம் படிப்பித்தார். இருக்கை வெறுமையாக இருந்ததால் இம்முறை சரியாக அமைந்தது.