கையெழுத்து உன்னுடையது இல்லை

இந்தக் குத்துச்சண்டைக் கிளவுஸில் தோல் வாசனையே இல்லை, பசை வாசனைதான் அடிக்கிறது. திண்டிவனத்தில் என் மண்டி மேசைமேல், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையின் சாம்பிள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிவப்பு நிறம். மணிக்கட்டுப் பக்கம் நீல மையில் உன் பெயர், ஆங்கிலத்தில், சுழித்துச் சுழித்து எழுதியிருக்கிறது. நீ எழுதியதில்லை. மூட்டை இறக்கிவிட்டு வந்து உட்காரும் விவசாயிகள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

"இன்னா மொதலாளி, இந்த வயசுல சண்டைக்குப் போறீங்களா?"

அந்தக் கேள்விக்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறேன். டீ சொல்லிவிட்டு, கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் விழுப்புரத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், நீ முகையூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் பயிற்சிக்கு வருவாய். உன் கிளப்பில் இருந்த எடை மெஷின் ரிப்பேர். அதனால் எங்கள் மண்டித் தராசில் வந்து நிற்பாய். பருப்பு மூட்டை எண்பது கிலோ, நீ அறுபது. "முக்கா மூட்டை வந்துட்டான்டா, எறக்கி வைங்க" என்று ஆட்கள் சிரிப்பார்கள். "தூக்கித்தான் பாருங்களேன்" என்று நீ இடது கையை மடக்கிக் காட்டுவாய். அந்த இடது கை மூன்று வருஷம் தொடர்ந்து மாநிலப் பட்டத்தைக் கொண்டுவந்தது. மூன்றாவது இறுதிப் போட்டிக்கு நான் சென்னை வரை வந்தேன். இரண்டாவது ரவுண்டில் எதிராளி கீழே கிடந்தான். நான் கத்திய கத்தில் நாலு நாள் எனக்குக் குரலே வரவில்லை. நீயோ ரிங்கை விட்டு இறங்கியதும், "பசிக்குதுடா மச்சான்" என்றாய்.

அடுத்தது தேசியப் போட்டிக்கான தேர்வு, விழுப்புரத்திலேயே. எடை அறுபது கிலோவைத் தாண்டக் கூடாதென்று மூன்று நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை. உரச்சாக்கை மேலே சுற்றிக்கொண்டு வெயிலில் ஓடினாய். புளியை வாயில் அதக்கி எச்சில் துப்பிக்கொண்டிருந்தாய். அன்று காலை மண்டித் தராசில் முள் அறுபதைத் தொடவில்லை. பத்து மணிக்கு அதிகாரப்பூர்வ எடை. எட்டரைக்கு ஓட்டல் வாசலில் உங்கள் கிளப் செயலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எடைய சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திட்டாங்க. பையன் பட்டினி கெடக்கறான். எதனா வாங்கிக் குடு, பாவம்."

ஆறு இட்லி, சாம்பார், ஒரு சொம்புத் தண்ணீர். வாங்கி வந்து உன் கையில் கொடுத்தவன் நான். நீ தின்ற வேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவனும் நான். பத்து மணிக்கு உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நானூறு கிராம் அதிகம். "ஐயா சாயங்காலம்னு சொன்னாரு" என்று நான் கத்தினேன். செயலாளர் என்னை முன்பின் பார்த்திராதவர் போலப் பார்த்தார். உன் இடத்தில் தேசியப் போட்டிக்கு அவருடைய அக்கா மகன் போனான். முதல் சுற்றிலேயே தோற்று வந்தான். ஆனாலும் அங்கே போய் வந்த சான்றிதழை வைத்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை வாங்கிவிட்டான்.

உனக்குக் கிடைத்தது ஒரு பேச்சு. "ராத்திரி பூரா குடிச்சிட்டு வெயிட்ட ஏத்திக்கினான்" என்று செயலாளர் ஊர் முழுக்கச் சொன்னார். அதுவரை நீ சோடாகூடக் குடித்ததில்லை. குடிக்க ஆரம்பித்தது அந்தப் பேச்சு ஊரைச் சுற்றி வந்த பிறகுதான். ஷேர் ஆட்டோ ஓட்டினாய், கல்யாணம் செய்தாய், மகளைப் படிக்க வைத்தாய், போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாய். உன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "குடியால பேரக் கெடுத்துக்கினாரே, அந்த பாக்ஸர் வூடா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அந்தச் செயலாளரை விடக் கூடாதென்று.

அவராகவே வந்து மாட்டினார். உனக்கு நினைவுப் போட்டி நடத்துகிறாராம். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம், உன் படத்துக்கு ஆளுயர மாலை, அவர் தொடங்கும் பயிற்சிக்கூடத்துக்காக, நீ கையெழுத்துப் போட்ட கிளவுஸ் ஏலம். என்னையும் அழைத்தார். வசதியுள்ள வியாபாரி, ஏலம் கேட்பான் என்ற கணக்கு. கிளவுஸைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த நிமிஷமே எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டம் வாங்கிய பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் உன்னிடம் நோட்டை நீட்டினால், தமிழில்தான் எழுதிக் கொடுப்பாய். முன்னெழுத்து 'கு'. உன் அம்மா பெயர். "களை வெட்டி எனக்கு முட்டை வாங்கிப் போட்டது அதுடா. அப்பன் பேரு சர்டிபிகேட்ல இருந்தாப் போதும்" என்பாய். செயலாளருக்குத் தெரிந்தது சர்டிபிகேட் மட்டுந்தான். கிளவுஸில் இருந்தது உன் அப்பன் இனிஷியல்.

மேடைக்குப் பின்னால் மைக்செட் பெட்டிகள் அடுக்கியிருந்த அறைக்கு அவரைக் கூட்டிப் போனேன்.

"ஐயா, இது எப்போ போட்ட கையெழுத்து?"

"ஸ்டேட் ஜெயிச்ச அன்னைக்கு. என் கண்ணு முன்னாடி."

"இங்கிலீஷ்லயா?"

"ஏன், அவனுக்கு இங்கிலீஷ் வராதா?"

"வரும். அப்பன் இனிஷியல்தான் வராது. ஊர்ல பாதிப் பேரு வூட்ல அவன் போட்ட கையெழுத்து இருக்குது. எடுத்தாரச் சொல்லட்டுமா?"

அவர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். "இன்னாபா வேணும் உனக்கு? யாவாரிதான நீ, சொல்லு."

"எடை போட்ட அன்னைக்கு அவன் குடிக்கல, சாயங்காலம்னு சொல்லி அனுப்புனது நீங்கதான். இத மைக்ல சொல்லுங்க. கையெழுத்தப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"வாக்கா?"

"வாக்கு."

முப்பது வருஷ வியாபாரத்தில் நான் சொன்ன சொல் மாறியதில்லை. அது அவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் மேடை ஏறினார். "ஒரு சின்னத் தகவல் கோளாறு" என்று இழுத்தார். முதல் வரிசையிலிருந்து கேட்டேன், "யாரு குடுத்த தகவல்யா?" "நான் குடுத்ததுதான்" என்றார். "அவன் குடிச்சிருந்தானா?" "இல்ல. அவன் குடிக்கல." நாலாவது வரிசையில் உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மகள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசியபடி நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மேடை ஏறி மைக்கை வாங்கிக் கையெழுத்து விஷயத்தையும் சொன்னேன். பின்னால் பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, சின்ன வயதில் உன்னிடம் வாங்கிய கையெழுத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதாகச் சொல்லி, போனில் படத்தைக் காட்டினார். அந்தப் போன் வரிசை வரிசையாகக் கைமாறியது. செயலாளர் என் காதருகே வந்து, "வாக்கு குடுத்தியேடா" என்றார். "ஆமாங்கய்யா, நீங்ககூட நாலு மணின்னீங்க" என்றேன். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போவதை, கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கேட்க ஆளில்லாமல் கிடந்த கிளவுஸை நான் எடுத்து வந்துவிட்டேன். இனி அவர் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் இந்தக் கதை அவருக்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டியதை நான் செய்துகொண்டிருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இரண்டு நாள் கழித்து உன் மகள் மண்டிக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பெரியப்பா, சாயங்காலம்னு சொல்லி அனுப்புனது அந்த ஆளு. அப்பாகிட்ட வந்து சொன்னது யாரு?"

நான் சாம்பிள் தட்டிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தேன். பருப்பைத் தட்டிலேயே போட்டேன்.

"நான்தான்மா. இட்லி வாங்கியாந்ததும் நான்தான்."

"அப்பா இத ஒருநாளும் சொன்னதில்லையே. அம்மாவுக்குக்கூடத் தெரியாது." கொஞ்ச நேரம் கிளவுஸையே பார்த்தாள். "நீங்களும் மைக்ல சொல்லலையே, பெரியப்பா."

அவள் கோபமாகப் போகவில்லை, டீ குடித்துவிட்டுத்தான் போனாள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அத்தனை வருஷம் குடித்தாய், புலம்பினாய், ஆட்டோ ஸ்டாண்டில் சண்டை போட்டாய். ஆனால் இட்லி யார் வாங்கி வந்தது என்று உன் வீட்டுக்குள்கூட நீ சொல்லவில்லை. எனக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்பது நீ போன பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அந்த மனுஷனிடம் வாக்குத் தவறியதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. நாளைக்கே இன்னொரு மேடை கிடைத்தாலும் தவறுவேன். ஆனால் அன்று மைக்கைப் பிடித்து நின்றபோது அவருடைய பங்கை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேனே மச்சான், என்னுடைய பங்கு அங்கேயே என் தொண்டையில் நின்றுவிட்டது. உன் மகள் கேட்ட பிறகு அதை விழுங்கவும் முடியவில்லை.