ஊதாத திருநீறு

நேற்று என் மானத்தோடு உன் மானத்தையும் சேர்த்து வாங்கிவிட்டேன், ஆயி.

கீழ்மாடி ராஜம்மா பேத்திக்குப் பிறந்தநாள். தட்டில் பச்சை நிற அகார்-அகார், கெட்டியான கடற்பாசிக் கூழ், வைத்தார்கள். அதை வாயில் போடாமல், தட்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு கண்ணால் ஓரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"என்னண்ணே, பூஞ்சணம் புடிச்சிருக்கா? காலையிலதான் செஞ்சேன்லா!" என்றாள் ராஜம்மா.

வீடே சிரித்தது. எழுபதை நெருங்கும் லோரிக்காரன் வெட்கப்பட்டால் பார்க்கச் சகிக்காது. ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் படியேறி வந்துவிட்டேன்.

அந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டிவிட்டவள் என் மகள் நீதானே. உன் பப்பாளிக் கன்றுகளும் ஆய்வுக்கூடப் போத்தலுக்குள் இதே கூழில்தான் நின்றன. அதிலும் நீ சீனி போடுவாய். "செடிக்குப் போட்ட பந்தியில பூஞ்சணம் வந்து மொதல்ல ஒக்காந்துரும்ப்பா" என்பாய். ஒவ்வொரு போத்தலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாய். வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தாலும் அந்தப் போத்தல் போச்சு. எதுவும் இல்லையென்றால் "சுத்தம்" என்பாய்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நீயோ பிரிக்பீல்ட்ஸ் வீட்டுச் சமையலறை மேசையில் படித்து, வெளிநாடு போய், டாக்டர் பட்டத்தோடு திரும்பினாய். டாக்டர் ஆயிற்றே என்று முதல் வாரமே என் முழங்கால் வலியைச் சொல்லிப் பார்த்தேன். "எலைக்கு நோவு வந்தா சொல்லுங்கப்பா" என்றாய்.

இலை நோய் எனக்கும் தெரிந்ததுதான். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பாசாருக்குப் பப்பாளி ஏற்றியவன் நான். காய் மேல் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்தால் தோட்டக்காரர் முகம் எப்படிக் கறுக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நோய்க்கு எதிராகத்தான் நீ வேலை செய்தாய்.

"அந்த வைரஸோட சட்டையில ஒரு துண்ட எடுத்து பப்பாளிக்குள்ள வைக்கிறோம்ப்பா. திருடன் சட்டைய நாய்க்கு மோந்து பாக்கக் குடுக்கிற மாதிரி. அப்புறம் திருடன் வந்தா அதுவே வெரட்டிரும்."

"நாய் அந்தச் சட்டையப் போட்டுக்கிட்டுத் தானே திருடப் போயிருச்சுன்னா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு மட்டும் உள்ளுக்குள் உதறல்தான். கடவுள் எழுதியதில் என் மகள் கை வைக்கிறாள் என்ற பயம். அதைவிட, இத்தனை வருடம் உழைத்தும் ஒன்றும் முளைக்காமல் போய்விடுமோ என்ற பயம்.

அந்த ஹரிராயா பெருநாள் சமயம் நினைவிருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் உதவிக்கிருந்த பெண் ஊருக்குப் போய்விட்டாள். போத்தல்களை எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டாய். வெள்ளிக்கிழமை. கோயிலிலிருந்து நேரே வந்தேன், நெற்றி நிறையப் பட்டையோடு. கையைச் சாராய வாடை அடிக்கும் தண்ணீரில் கழுவச் சொன்னாய். நெற்றியை யாரும் யோசிக்கவில்லை.

சட்டைத் துண்டு ஏறியது மட்டும் பிழைக்கும்படி கூழில் மருந்து கலந்திருந்தாய். ஏறாத கன்றுகள் எல்லாம் வெளுத்துப்போயிருந்தன. ஒன்றே ஒன்று பச்சையாக நின்றது.

"இதுவும் போச்சுன்னா ஆராய்ச்சிய மூடிருவாங்கப்பா" என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆனால் இடுக்கி பிடித்த உன் விரல் நடுங்கியது. பரீட்சைக்குப் போகும் காலைகளில் அப்படித்தான் நடுங்கும்.

அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் நான் எங்கிருக்கிறேன் என்பதே மறந்துபோனது. சட்டைப்பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, உன் நெற்றியில் திருநீறு இட்டு, கண்ணில் விழாதபடி கையால் மறைத்து, எப்போதும் போல 'உஃப்' என்று ஊதிவிட்டேன்.

உனக்கு முன்னால், முன்பக்கம் திறந்த கண்ணாடிப் பெட்டிக்குள், மூடி திறந்த போத்தல்.

"அப்பா! மூச்சு விடாதீங்க!"

நான் விடவில்லை. நீயும் விடவில்லை. இரண்டு பேரும் சிலையாக நின்றோம். வெளிச்சத்தில் சாம்பல் துகள் மிதப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லோரி பிரேக் பிடிக்காமல் இறக்கத்தில் ஓடியபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. நீ கன்றைப் புதுக் கூழில் வைத்து, மூடி, பிறகுதான் திரும்பினாய். திட்டுவாய் என்று நின்றேன்.

"ஒரு வாரத்துல தெரிஞ்சிரும்" என்றாய். நெற்றியை மட்டும் அழிக்கவில்லை.

அந்த வாரம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வெள்ளையாக எதைக் கண்டாலும் பயம். இடியப்பத்தைப் பார்த்தாலே பூஞ்சணம். சாயங்காலம் லோரியை உன் ஆய்வுக்கூட வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் நிற்பேன். நீ கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து, போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவாய். கடைசி நாள் கதவைத் திறந்துகொண்டே வந்தாய்.

"சுத்தம்ப்பா! அந்தப் பொட்டியில காத்து வெளிய பாத்து அடிக்கும். ஒங்க திருநீறெல்லாம் என் மேலதான்."

அந்தக் கன்றிலிருந்துதான் வலைக்கூண்டு நிறைய மரங்கள் வந்தன. பக்கத்தில் வளையப்புள்ளி விழுந்த மரங்கள் சுருண்டு நிற்க, உன்னுடையவை மட்டும் குடை விரித்து நின்றன. அவற்றின் நடுவே நீ நின்றாய், மண் படிந்த காலணியோடு. இனிப் பயமில்லை என்று அன்றைக்கு நினைத்தேன் பார், அதுதான் என் படிப்பின் லட்சணம்.

பிறகு உனக்கு இருமல் வந்தது. மருத்துவர் உன் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் பார்த்துவிட்டேன். வெளிச்சத்தில் வெள்ளை தெரிந்தால் என்ன அர்த்தம் என்று நீதானே கற்றுக்கொடுத்தாய். நீ நாற்காலியிலிருந்து என் முகத்தைப் பார்த்தாய்.

"சுத்தமாப்பா?"

"சுத்தம்மா" என்றேன். நீ சிரித்தாய். உன்னிடமே படித்தவன் உன்னை எப்படி ஏமாற்றுவது?

உன் கடைசி நாளும் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. கோயில் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தது. இன்றும் அதே பையில்தான் ஒன்று இருக்கிறது. அன்றைய திருநீற்றை உன் நெற்றியில் இட்டேன். கண்ணைக் கையால் மறைத்தேன். ஊதவில்லை. பயம். ஆய்வுக்கூடத்தில் செய்தது போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, போர்வை உயருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். உயர்ந்தது. தாழ்ந்தது. அடுத்ததற்கு நேரம் எடுத்தது. அதற்கடுத்தது வரவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அப்போதே சொல்லியிருந்தால் உனக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. இப்போதுதான் சொல்கிறேன்.

மூச்சு விடு, ஆயி.