பாட்டிலில் வந்த ஏரி

அண்ணா,

இன்று எழுந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. அலமாரி மேல்தட்டிலிருந்து உன் பாட்டிலை எடுத்துத் துடைத்தேன். பழைய இருமல் மருந்து பாட்டில். தண்ணீர் பாதியாக வற்றிவிட்டது. வற்றிய இடத்தில் கண்ணாடியில் வெள்ளையாக ஓர் உப்புக் கோடு.

பட்டாளத்தில் லாரி ஓட்டிய நீ, லடாக்கிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கொண்டுவந்தது. ராயபுரத்தில் நம் வீட்டு வாசலில் உன் கூட்டாளிகள் சூழ்ந்திருந்தார்கள், பாதிப் பேர் கடலிலிருந்து நேராக வந்தவர்கள்.

"பதினாலாயிரம் அடி ஒயரத்துல ஒரு ஏரி கீது. பாங்காங்னு பேரு. சுத்தி மொட்டை மலை, மரம்னு ஒண்ணு கெடையாது. காலைல செம்மண்ணு கலரு, சாயங்காலம் கத்திரிப்பூ கலரு. நம்மூரு கடல்காக்கா அங்க முட்டை வைக்குது. தண்ணிய வாயில வச்சா உப்பு கரிக்குது. நம்ப மாட்டீங்கன்னுதான் மொண்டுகினு வந்தேன்."

உன் தோஸ்து லூர்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தான். "இன்னா மாமு, பார்டருக்குப் போறேன்னு சொல்ட்டு காசிமேட்டுலயே ஒளிஞ்சிகினு இருந்தியா?"

தெருவே சிரித்தது. கடலோரத்து ஆட்களிடம் உப்புத் தண்ணீரைச் சாட்சியாகக் கொண்டுவந்தவன் நீ ஒருவன்தான். நீ என் பக்கம் திரும்பினாய். "எந்தங்கச்சி காலேஜுல பூகோளம் படிக்குது. அத்தக் கேளுங்கடா."

"பனி உருகி வர்ற தண்ணி எப்படிண்ணா உப்பா இருக்கும்? மலை ஏரின்னா நல்ல தண்ணிதான்" என்றேன். சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

அதன் பிறகு நீ அந்த ஏரியைப் பற்றிப் பேசவே இல்லை. என் பிள்ளைகள் பட்டாளக் கதை கேட்டால் குளிரைச் சொல்வாய், காய்ந்த ரொட்டியைச் சொல்வாய். ஏரி வருவதற்குள் நிறுத்திவிடுவாய். பாட்டிலை மட்டும் எறியவில்லை.

நேற்று நான் பாடம் நடத்தும் பள்ளியின் நூலகத்துக்கு வந்த புத்தகத்தில் அந்த ஏரி இருந்தது. வந்த நீர் வெளியேற வழியில்லாமல் உப்பேறிப்போன ஏரி என்று ஒரே வரி. வகுப்புக்கு மணியடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. நீ போய் இருபத்தாறு நாளாகிறது.

வெளியே கடல்காக்கைகள் கத்துகின்றன. இவற்றில் ஒன்றாவது அங்கே பொரித்ததாயிருக்கும்.

ஞாயிறன்று உன் முப்பதாம் நாள் பூசை. முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்க நம் வீட்டுக்கு வருவார்கள், லூர்தும் வருவான். அதே வாசலில் பாட்டிலைத் திறந்து, அன்று நான் வாயில் வைக்காத தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "எங்கண்ணன் சொன்னது நெசம். நான்தான் தெரியாம சிரிச்சேன்" என்று சொல்லப்போகிறேன். வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது.