அத்தானின் துவக்குக்கு நான் செய்த தோட்டாக்கள்

அன்பு அத்தான்,

புரோசார்ட்டில் உங்கள் வீட்டு நிலவறையில், உங்கள் மேசையில், உங்கள் முக்காலியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். செத்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் 'நீங்கள் எங்கிருந்தாலும்' என்று தொடங்குவது வழக்கம். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நீங்கள் இங்கேதான், பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று அக்கா சொல்கிறார்.

முதலில் புதினம். ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, ஊருக்குப் போகிற பாதையையும் பூட்டிவிட்டார்கள். சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் உங்கள் மெசினில் இப்போது ஒரு ஹெயிட்டிக்காரர் நிற்கிறார். உங்களோடு வேலை செய்து, உங்களோடு வேட்டைக்கும் வந்த ஜில் சுகமாக இருக்கிறான். உங்கள் பெயரை அவன் இன்னும் பிழையாகத்தான் சொல்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மான் வேட்டை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். எட்டாம் நாள் படைக்கிற எட்டுச்செலவுக்கு, நீங்கள் ஆசைப்பட்டுச் சாப்பிட்ட அத்தனையையும் அக்கா சமைத்து இலையில் படைத்தார். நண்டு, கணவாய், மரவள்ளி, பக்கத்தில் விஸ்கிப் போத்தல். மான் இறைச்சி மட்டும் இல்லை. பிறீசரில் முந்திய வருடத்து மான் ஒரு துண்டும் மிஞ்சியிருக்கவில்லை. ஜில்லிடம் பிறகு கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் உங்கள் துவக்கில் விழாத மானை நீங்கள் வாயில் வைக்கமாட்டீர்கள் என்பது எங்கள் குடும்பத்துக்கே தெரியும்.

ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்திருந்தேன். அக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"மனுசன் இன்னும் போகேல்லையடா. கீழதான் இருக்கிறார். எட்டுக்கு மான் வைக்கேல்லை எல்லோ."

மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. நாங்கள் இரண்டு பேர்.

அன்று சிரித்துச் சமாளித்தேன். பிறகு அக்கா வேலைக்குப் போவதை விட்டார், கோயிலுக்குப் போவதை விட்டார். தொலைபேசி அடித்தால், "அவர் கதைச்சுக்கொண்டிருக்கிறார், பேந்து எடு" என்று வைத்துவிடுவார். பிள்ளையில்லாத வீடு, அத்தான். எனக்கும் இந்த நாட்டில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவரும் உங்களோடு அந்தப் பக்கம் போய்விடுவாரோ என்று பயந்தேன். உங்கள் துவக்காலேயே ஒரு மானைச் சுட்டு, ஆண்டுத் திவசத்துக்குப் படைத்து, உங்களை மரியாதையாக அனுப்பிவைப்பது என்று முடிவெடுத்தேன். அக்கா கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

துவக்குப் பத்திரத்துக்குப் பிரெஞ்சில் வகுப்பு, வேட்டைக்கு வேறொரு வகுப்பு. எல்லாம் கைக்கு வரும்வரை துவக்கு ஜில்லிடம் இருந்தது. அதை முதன்முதல் தூக்கியபோது உடம்பு கூசியது. ஊரில் பொலிஸ்காரனின் தோளில் கண்ட அதே 303. இங்கே யாரோ மரத்தைச் செதுக்கிக் குறைத்து வேட்டைத் துவக்கு ஆக்கியிருக்கிறார்கள். இதை எப்படி நீங்கள் ஆசையோடு வாங்கினீர்கள் என்று கேட்க எனக்கு ஏன் ஒருநாளும் தோன்றவில்லை?

கடையில் விற்கிற தோட்டாவை உங்கள் கிழட்டுத் துவக்கு மதிக்கவில்லை. ஒன்று மேற்கே போனால் மற்றது கிழக்கே போனது. ஜில்தான் விளக்கினான். இந்தத் துவக்கில் ஒருமுறை வெடித்த தோட்டாவின் வெறுங்கோது இதன் வயிற்றுக்கு ஏற்றபடி வீங்கியிருக்கும், அந்தக் கோதுகளையே எடுத்து, அடியில் பொறி தட்டுகிற புதுக் கேப்பு அடித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை இருத்த வேண்டும் என்றான். மருந்தைக் குறைவாகத் தொடங்கி, துவக்கு ஓம் என்று சொல்லும்வரை துளித்துளியாகக் கூட்டிப் பார்க்க வேண்டுமாம். நீங்கள் விட்டுப்போன கோதுகள் ஒரு பை நிறைய இருந்தன.

அப்படித்தான் சனிக்கிழமைகளில் இந்த மேசைக்கு வரத் தொடங்கினேன். உங்கள் தராசு பொல்லாதது. மூச்சுப் பட்டாலே தண்டு ஆடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிறுப்பேன். ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், தண்டு மெல்ல ஆடுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஒரு ஆள் ஆறுதலாக மூச்சு விடுகிற அளவுக்கு. சூட்டுக்காற்று வருகிற துவாரத்தை மட்டை வைத்து அடைத்தேன். கதவைச் சாத்தினேன். அப்போதும் ஆடியது. நான் மூச்சை விட்ட பிறகுதான் நின்றது.

அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

கோடை முழுக்க ஜில்லோடு சூட்டுத் திடலுக்குப் போனேன். ஐந்தில் மூன்று ஒன்றாக விழும், மற்ற இரண்டும் கடதாசியிலேயே படாது. மருந்தைக் கூட்டினேன், குறைத்தேன், குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே இருத்திப் பார்த்தேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் துவக்கைத் திட்டினேன், தராசைத் திட்டினேன், உங்களையும் திட்டினேன்.

செப்டம்பரில் ஒரு நாள் விசையை அழுத்தினேன். டிக் என்றது, வெடிக்கவில்லை. சத்தம் வராத அந்த நொடியில் துவக்கின் வாய் நிலத்தை நோக்கிக் குனிந்ததைக் கண்டேன். யாரும் தள்ளவில்லை. வெடிக்கப்போகிறது என்று என் உடம்பே முன்கூட்டிப் பதுங்கியிருக்கிறது. ஊரில் ஷெல் கூவி வரும்போது பங்கருக்குள் பதுங்கப் பழகின உடம்பு. இத்தனை மாதம் மருந்தில் பிழை தேடியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

ஜில் துவக்கை முன்னுக்கு நீட்டியபடியே கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொல்லி, பிறகு திறக்கச் சொன்னான். வெளியே வந்த தோட்டாவுக்குள் மருந்து இல்லை. அடியிலிருந்த கேப்பு எப்போதோ அடிபட்டுப் பள்ளம் விழுந்த பழையது. நான் செய்தவை எல்லாம் மினுக்கித் துடைத்தவை. இது கறுத்துக் கிடந்தது. நேரே அக்காவிடம் வந்தேன்.

"அக்கா, என்ர பெட்டிக்குள்ள வெறுந்தோட்டா வச்சனீங்களோ?"

"ஓம்."

"ஏன்?"

"அவர் வைக்கச் சொன்னவர். உன்ர கை பயப்பிடுதாம். தானும் உப்பிடித்தானாம் பழகினது."

"அத்தான் உயிரோட இருக்கேக்க சொன்னவரோ?"

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "இல்லை. வியாழக்கிழமை."

என் கை பயந்ததைக் கண்டவன் ஜில் ஒருவன்தான். அவனுக்கும் அக்காவுக்கும் இடையில் உள்ள பாஷை பிரெஞ்சில் ஒரு போன்ஜூரும் மெர்சியும்தான். அவன் சொல்லியிருக்க வழியில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் பார்க்காமலே துவக்கில் போட்டு, எந்தத் தோட்டா வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாமலே சுட்டேன், அக்கா கலந்து வைத்தபடி. மெல்ல மெல்லக் கை அடங்கியது. ஒக்டோபரில் ஐந்து குண்டும் ஒரு சிரட்டையால் மூடக்கூடிய இடத்தில் விழுந்தன. ஜில் கடதாசியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இது அவன் சுட்ட மாதிரி இருக்கிறது" என்றான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

இம்முறை திதி பிந்தி வந்ததால் திவசத்துக்கு முன்பே வேட்டை தொடங்கிவிட்டது. இரண்டாம் நாள் காலை, உறைபனி கிடந்த வெட்டைவெளியில் ஒரு மான் வந்து நின்று என் பக்கம் பார்த்தது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே விழுந்தது. என் கை கொஞ்சமும் அசையவில்லை. அது என் கைதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

திவசத்துக்கு ஐயர் வந்து, மரக்கறிச் சமையலோடு முறைப்படி முடிந்தது. மறுநாள் மச்சப் படையல். அக்கா விடியவே எழுந்து மானைக் காய்ச்சினார். மிளகும் இறைச்சியும் சேர்ந்து வீடு முழுக்க மணத்தது. அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, சோறு, மீன், கணவாய், முட்டை எல்லாம் வைத்தார். மான் சட்டி அடுப்பிலேயே இருந்தது.

"அக்கா, மான்?"

"பேந்து வைப்பம்" என்று சொல்லிவிட்டு, நீங்கள் சாப்பிடுவதற்காகக் கதவைச் சாத்தினார்.

நாங்கள் வெளியே நின்றோம். மற்றவர்கள் கும்பிட்டார்கள். அக்கா கும்பிடவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டித் திறந்தோம், எல்லாரும் சாப்பிட்டோம். மான் யாருக்கும் பரிமாறப்படவில்லை. ஆட்கள் போன பிறகு குசினிக்குள் போனேன். அக்கா இறைச்சியைச் சின்னச் சின்னப் பொதியாகக் கட்டிப் பிறீசருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அக்கா வைக்கேல்லை?"

அவர் திரும்பவில்லை. "வச்சாச் சாப்பிட்டிடுவார்."

"அதுக்குத்தானே சுட்டுக்கொண்டு வந்தனான்."

"சாப்பிட்டாப் போயிடுவாரடா."

அத்தான், அந்த நேரம் எனக்கு அக்காவிலும் கோபம், உங்களிலும் கோபம். பிறகு யோசித்தேன். வெறுந்தோட்டா வைக்கச் சொன்னது நீங்கள் என்றால், என் கையைத் திருத்தியதும் நீங்கள். அந்த மானை விழுத்தியதும் நீங்கள்தான். அப்படியென்றால் போக வேண்டும் என்று நினைக்கிறவர் நீங்களா? அக்காதான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறாரா? இல்லை, தனிமை தாங்காத ஒரு மனுசி கட்டிய கதைக்குள் நானும் போய் இருந்துவிட்டேனா? கதை என்றால் இந்தத் தராசு யாருடைய மூச்சில் ஆடியது?

அக்கா இப்போது திரும்ப வேலைக்குப் போகிறார். முகம் தெளிந்திருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

அவருக்குத் தெரியாமல் ஒரு பொதியை எடுத்துப்போய், நோத்ர-டாம்-த-கிரேஸில் என் வீட்டுப் பிறீசருக்குள் வைத்திருக்கிறேன். போக வேண்டும் என்றால் அக்காவிடம் சொல்லாதீர்கள், அவர் விடமாட்டார். என்னிடம் வாருங்கள். வீடு தெரியும்தானே. நானே சமைத்து, இலை போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பேன். அக்கா அதற்குப் பிறகு என்னோடு கதைக்காமல் விட்டாலும் செய்வேன். இது சத்தியம். நீங்கள் வந்து கேட்கும்வரை அந்தப் பொதியைத் தொடமாட்டேன்.

வருவீர்கள் என்று பயந்துகொண்டும், வரமாட்டீர்கள் என்று பயந்துகொண்டும் இருக்கும்,

உங்கள் பெண்சாதியின் தம்பி, உங்கள் மச்சான்
குகன்