முதல் கையெழுத்து

மார்ச் 4

கூட்டு நிறுவனம் தொடங்கி ஒரு வருடம் ஆயிற்றாம், கேக் வெட்டினார்கள். இரண்டு தாய்க் கம்பெனிகள் சேர்ந்து தொலைபேசி டவர்களுக்குக் கருவி செய்கிறோம். ஒவ்வொரு பதவிக்கும் இரண்டு பேர். வடிவமைப்புக்கு எங்கள் பக்கம் நான். அவர்கள் பக்கம் இருப்பவர் எந்த வெயிலிலும் டையைக் கழற்றாதவர், அதனால் அலுவலகம் முழுக்க அவர் பெயரே டை சார். கேக்கைக்கூட இருவர் சேர்ந்து கை வைத்துத்தான் வெட்டினார்கள். சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 19

டவரில் பொருத்த நாங்கள் செய்கிற மின்பெட்டி சூடாகிறது. இன்று சோதனைக் கூடத்தில் புகையே வந்துவிட்டது. உள்ளே ஒரு சர்க்யூட் கார்டை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மாற்று உத்தரவில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி எங்களுடையது, கார்டு அவர்களுடையது. முதலில் போடுகிறவன் தலையில்தான் பழி விடியும்.

டை சாரிடம் கேட்டேன். "நீங்க போடுங்க, பின்னாடியே நான் போட்டுடறேன்."

எங்கள் டைரக்டர்: "நீ முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதே. செலவு பூரா நம்ம தலையில கட்டிடுவாங்க."

இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 27

மாற்று உத்தரவுக் காகிதம் என் மேசையிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 2

மனைவியின் தம்பி வந்திருந்தான். டவர்களில் எங்கள் கருவியைப் பொருத்துகிற வேலை அவனுக்கு. வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

"மாமா, உங்க பெட்டியைத் திறந்தாலே அனலடிக்குது. பரவாயில்லையா?"

"பாத்துட்டுதான் இருக்கோம். ஜாக்கிரதையா செய்" என்றேன்.

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காகிதத்தை.

ஏப்ரல் 9

பெட்டி வெடிச்சிடுச்சு. அவன்தான் திறந்திருக்கான். வலது கை —

எழுத முடியல. தெரிஞ்சுதானே அனுப்பினேன்? நான் மனுஷன்தானா?

ஏப்ரல் 10

விசாரணைக் குழு. எங்கள் பக்கம் மூவர், அவர்கள் பக்கம் மூவர். கையுறை போடாமல் திறந்தது அவன் தப்பு என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இந்த ஒரு வருடத்தில் நான் பார்த்த முதல் ஒற்றுமை. கையுறை கொடுத்தோமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மதியம் யாரையும் கேட்காமல் மாற்று உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். டை சார் பின்னாடியே போட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷர்!

ஏப்ரல் 17

எல்லா டவரிலும் கார்டை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள். செலவு முழுக்க எங்கள் பக்கம். டைரக்டர் கதவைக்கூடச் சாத்தாமல் கத்தினார். நாளையிலிருந்து நான் வர வேண்டாமாம்.

ஏப்ரல் 20

ஆஸ்பத்திரி. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் ஆரம்பித்தான்.

"எனக்காகக் கையெழுத்துப் போட்டு வேலையே போயிடுச்சாமே மாமா. அக்கா சொல்லிச் சொல்லி அழுவுறா. நீங்க மட்டும் இல்லன்னா இன்னும் எத்தனை பேருக்கு..." இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அந்தக் காகிதம் மூன்று வாரம் என் மேசையில் கிடந்ததை நான் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்கோ" என்று எழுந்து வந்துவிட்டேன்.