தேநீர்க் கெண்டிக்குப் பின்னால் உள்ள நாற்காலி

அன்புள்ள துணைவிக்கு,

இங்கே அனைவரும் நலமாக இருக்கிறோம். அனைவரும் என்றால் நானும் நம் மகளும். உன் விடுதி அறைச் சன்னலின் கொக்கியைச் சரிசெய்து தந்தார்களா என்று தெரிவிக்கவும். மழை தொடங்குமுன் முடிக்க வேண்டிய வேலை அது. உன் பள்ளியில் உன் பணியை மேலும் ஓர் ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள் என்று மகள் சொன்னாள். மகிழ்ச்சி. அவர்களாகவே நீட்டித்தார்களா, நீ கேட்டுப் பெற்றாயா என்பதை நான் விசாரிக்கவில்லை.

ஒரு விஷயத்தை முறைப்படி தெரிவிக்கவே இக்கடிதம். நம் மகளுக்கு மாமியாராக வரப்போகும் அம்மையாருக்குப் பழங்காலப் பாணி விருந்துகளில் தீராத மோகம். சென்ற மாதம் அவர்கள் வீட்டில் அப்படியொரு விருந்து. அறுபது வருடங்களுக்கு முந்தைய மாலைப் பொழுது என்பது ஏற்பாடு. வருகிறவர்கள் அந்தக் காலத்து உடையில் வர வேண்டும். நான் அகன்ற காலர் வைத்த கோட்டு ஒன்றை வாடகைக்கு எடுத்து அணிந்து சென்றேன். தோள் பக்கம் பெரிதாக இருந்தது. ஒரு மூலையில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. அருகே சென்று பார்த்தேன். இசைத்தட்டு சுற்றவே இல்லை; அடியில் வைத்திருந்த கைப்பேசிதான் பாடியது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. மகள் முன்கூட்டியே என் கையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

விடைபெறும்போது அந்த அம்மையார், "அடுத்த முறை உங்க வீட்டுலதான். அந்தக் காலத்து முறைப்படி நாலு மணி டீ. ஆனா ஒண்ணு, வீட்டம்மா கையால ஊத்தணும். அப்பத்தான் அது டீ விருந்து. இல்லாட்டி வெறும் டீக்கடை" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், பிறகு ஒரு தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். வருகிற மாதம் முதல் ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது.

நூலகத்திலிருந்து விருந்தோம்பல் முறைகளைப் பற்றிய பழைய நூல் ஒன்றை எடுத்து வந்து இருமுறை படித்தேன். அம்மையார் சொன்னது சரிதான். தேநீர்க் கெண்டிக்குப் பின்னால் உள்ள நாற்காலி இல்லத்தலைவிக்கு உரியது. கோப்பைகளைப் பிறர் கைமாற்றலாம், ஊற்றுகிறவர் ஒருவர்தான். அவர் அமர்ந்த பிறகே மற்றவர்கள் அமர வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நூலில் விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நம் திருமணப் பரிசாக வந்த பீங்கான் தொகுப்பை வெளியே எடுத்தேன். முக்கிய நிகழ்ச்சிக்கென்று நான் பத்திரப்படுத்தச் சொன்னது. இத்தனை ஆண்டுகளில் எந்த நிகழ்ச்சியும் அந்தத் தகுதியைப் பெறவில்லை போலும். பொட்டலம் கட்டிய தாள்கூட அப்படியே இருந்தது. ஒரு கோப்பையிலும் விரிசல் இல்லை.

என் அக்கா வந்திருந்தாள். "லீவு கிடைக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லிடுடா. நான் உக்காந்து ஊத்தறேன். என் கையால ஊத்தினா டீ கசக்குமா?" என்றாள். தவறான தகவலைத் தர எனக்கு மனம் இல்லை என்றேன். "ஆபீஸ்ல கடைக்காரங்க தராசைச் சோதிக்கிற மாதிரியே வீட்டையும் தட்டுல வச்சு நிறுத்துக்கிட்டே இருந்த. இப்ப பாரு, ஒரு தட்டு காலி" என்று சொல்லிவிட்டு, என் முகம் மாறியதைப் பார்த்து அவளே காபி போட எழுந்து போனாள். மகள்தான் முடிவாகச் சொன்னாள்: "வேண்டாம் அத்தை. நீங்க அங்க உக்காந்தா, அம்மா வரமாட்டாங்கன்னு நாமளே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்."

மாப்பிள்ளை வீட்டாருக்கு, நீ வெளியூரில் பணியாற்றுகிறாய் என்பது மட்டும் தெரியும். அது உண்மையே. அதற்கு மேல் அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று மகள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. ஆனால் மூன்று நாட்களாக அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைக்கிறாள்.

ஆகவே, அந்த ஞாயிறன்று வந்து உனக்குரிய நாற்காலியில் அமர்ந்து விருந்தை நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உன் கணவன்.

---

அன்புள்ளவளுக்கு,

எனக்கு எழுதாமல் மகளிடம் தொலைபேசியில் பதில் சொல்லியிருக்கிறாய். அவள் அதை ஒரு சொல்லும் விடாமல் எனக்கு ஒப்பித்தாள்: "வர்றேன்னு சொல்லு. ஆனா நான் ஊத்த மாட்டேன். இருபத்தஞ்சு வருஷம் அந்த வீட்டுல நான்தான் ஊத்தினேன். ஒரு நாளாவது எனக்கு யாராவது ஊத்தட்டும். விருந்தாளியா வர்றேன்."

இரண்டாவது முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். "அதேதான்ப்பா" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மேசையைச் சன்னலோரம் நகர்த்தினேன். வெயில் கண்ணில் அடித்தது. பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மேசை விரிப்பின் தொங்கல் ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதாகத் தோன்றி அளந்து பார்த்தேன். சரியாகவே இருந்தது. அலுவலகத்தில் ஒரு மளிகைக்கடைத் தராசுக்குப் போன ஆண்டின் முத்திரையைக் குத்திவிட்டேன். என் பணிக்காலத்தில் இப்படி நடந்ததில்லை. உதவியாளர் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார்.

விருந்தாளி ஊற்றக் கூடாது என்பது நூலின்படியும் சரி. உன் நிபந்தனையில் முறைகேடு எதுவும் இல்லை. எனவே கெண்டிக்குப் பின்னால் நான் அமர்வது என்று தீர்மானமாயிற்று. அக்கா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தாள். "சம்பந்தியம்மா என்ன சொல்லுவாங்களோ?" என்றாள். என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். டீக்கடை என்று சொன்னால் டீக்கடைதான்.

நேற்று மாலை ஒத்திகை பார்த்தோம். மகள், அக்கா, அடுத்த வீட்டு ஓவிய ஆசிரியர் ஆகியோர் விருந்தாளிகள். ஆசிரியர் தம் கல்லூரிக் காலத்துப் பெல்பாட்டம் காற்சட்டையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து அணிந்து வந்தார். இடுப்பில் பொத்தான் போட முடியாமல் கயிறு கட்டியிருந்தார். "தையற்காரன் துணியைச் சுருக்கிட்டான் சார்" என்றார். முப்பது ஆண்டுகளாகப் பெட்டியில் இருந்த துணியை எந்தத் தையற்காரன் சுருக்குவான்? அக்கா சிரித்துப் புரையேறி, கேக் துண்டு விரிப்பில் விழுந்தது. விரிப்பை நான் உடனே துடைக்கவில்லை என்பதை நீ நம்பமாட்டாய்.

கெண்டியை வெந்நீரால் கழுவிச் சூடாக்கினேன். சாய்க்கும்போது மூடியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் முறை மறந்தேன். மூடி கோப்பைக்குள் விழுந்தது. இரண்டாம் முறை சரியாக வந்தது. ஊற்றுகிறவர் ஒவ்வொருவரிடமும் கேட்டு அவரவர் விருப்பப்படி தர வேண்டும். ஆசிரியருக்குத் திடமாக, சர்க்கரை இரண்டு. அக்காவுக்குப் பால் பாதி. சர்க்கரை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஆனாலும் ஒன்று. மகளுக்குப் பால் சேர்க்காமல்.

அப்போது மகள் காலியாக இருந்த ஒரு கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்பா, இது அம்மாவுக்கு. ஊத்துங்க, பாப்போம்" என்றாள்.

நான் கெண்டியைத் தூக்கினேன். கோப்பையில் எவ்வளவு ஊற்றுவது, பாலை முன்னே விடுவதா பின்னே விடுவதா, சர்க்கரை உண்டா இல்லையா என்று நின்றேன். ஊரில் எந்தக் கடையில் எந்தத் தராசு எவ்வளவு குறைத்து நிறுக்கும் என்று என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். இதைச் சொல்ல முடியவில்லை. நீ குடித்து நான் பார்த்ததே இல்லையோ என்றுகூட நினைத்தேன். நீ எப்போதும் எங்களுக்கு ஊற்றிய பிறகு உள்ளே போய்விடுவாய். அங்கே என்ன குடித்தாய், எப்படிக் குடித்தாய் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர் சன்னல் பக்கம் திரும்பி, எதிர் வீட்டுச் சுவரின் நிறத்தைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினார். நல்ல மனிதர். மகளிடம், நீயே சொல்லிவிடு என்றேன். "தெரியும். ஆனா சொல்லமாட்டேன். நீங்களே கேட்டுத் தெரிஞ்சுக்குங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அந்தக் கோப்பையைத் தானே எடுத்துக் கழுவி வைத்தாள். இரவு தட்டில் வைத்ததை முழுதும் சாப்பிட்டாள்.

இக்கடிதத்திலேயே உன்னிடம் கேட்டுவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நூலை மறுபடி புரட்டினேன். விருந்தாளி மேசையில் அமர்ந்த பிறகே, அவர் முகத்தைப் பார்த்து, கேட்க வேண்டுமாம். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது முறை அன்று. ஆகவே இங்கே கேட்கவில்லை. ஞாயிறன்று கேட்பேன். எல்லோர் முன்னிலையிலும் கேட்பேன். எனக்குத் தெரியாது என்பது சம்பந்திகளுக்குத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது கோப்பைக்கும் மறுபடி கேட்க வேண்டும் என்று நூல் சொல்கிறது. அதையும் செய்வேன். நீ சொல்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

பழங்கால உடை கட்டாயம் இல்லை. உனக்கு வசதியானதை அணிந்து வா. வழியில் வெறும் வயிற்றோடு இருக்காதே. பெட்டியை நீயே தூக்காதே. நிலையத்துக்கு நான் வருகிறேன்.

நீ வரும் ரயிலின் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். திரும்பிப் போகும் ரயிலின் நேரத்தை நான் பார்க்கவில்லை. அதை மட்டும் என்னைப் பார்க்கச் சொல்லாதே.

உன் வரவை எதிர்நோக்கும்,
நான்.