சித்தி சொன்னதும் ரோட்டில் நடந்ததும்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன் என்று ஆரம்பிக்க மாட்டேன், போன வாரம் போனில் உன் தொண்டை கட்டியிருந்தது, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்திருப்பாய், வெந்நீர் குடி, மீதியை அப்புறம் திட்டுகிறேன். நாங்கள் இங்கே நன்றாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி மட்டும் அவ்வப்போது கோபித்துக்கொள்கிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்ணுகிற மனிதர் சொந்த வீட்டுக்கு மூன்று மாடி நடந்து ஏற வேண்டியிருக்கிறதே என்று கட்டடத்துக்காரரைத் தினமும் வைகிறார். குளியலறைக் குழாய் சொட்டுவது ஒருவழியாக நின்றது. எதிர் வீட்டு டெய்லர் அம்மா உன்னைக் கேட்டார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் இப்போது சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே பேசுவாய், நான் பாதியில் கத்துவேன், அப்பா நடுவில் போனைப் பிடுங்கி என்ன சாப்பிட்ட என்று கேட்பார். அதனால் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வை மடிக்கிற மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

என் பைக்கை வித்துடும்மா, சித்தி மகன் கேக்குறான், அவனுக்கே குடுத்துடு, இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம் என்று கேட்டாய். வயசை முதலில் ஒதுக்கி வைக்கலாம், நாற்பத்தைந்து ஒன்றும் கட்டிலோடு கிடக்கிற வயசில்லை, இந்த நாற்பத்தைந்தை வைத்துக்கொண்டுதான் தினமும் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஈரப் போர்வை தூக்குகிறேன், அப்போது யாரும் வயசைப் பற்றிப் பேசுவதில்லை. கூட வண்டியில் வந்தவர்கள் என்னை நடுரோட்டில் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று சித்தி சொன்னாளாம். பொய்யில்லை, விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் என் தங்கையை எனக்குத் தெரியாதா. அவள் மகன் நம் வண்டியை மூன்று தடவை வந்து சுற்றிப் பார்த்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு போன பிறகுதான் அவளுக்கு என் உயிர்மேல் இத்தனை அக்கறை வந்தது. அது கிடக்கட்டும். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் இங்கேயிருந்து எப்படிம்மா வருவேன் என்று நீ கேட்டாயே, அது சித்தி சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை, உன் கேள்வி. அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நீ போன பிறகு வண்டி உறைக்குள்ளேயே கிடந்தது. பேட்டரி செத்துடும், அப்பப்ப ஸ்டார்ட் பண்ணும்மா என்று சொன்னவள் நீதான். ஸ்டார்ட் பண்ணினேன். தெருமுனை வரை போனேன், அடுத்த வாரம் மெயின் ரோடு வரை போனேன், மொபெட் ஓட்டிப் பழகிய கைக்கு கியர் மட்டும்தான் புதுசு, அதற்குப் பிறகு நிறுத்தத் தோன்றவில்லை. எங்கள் லாண்டரி தரைக்குக் கீழே இருப்பது உனக்குத் தெரியும், ஜன்னல் கிடையாது, வெளியே மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்பதே வேலை முடிந்து மேலே வந்தால்தான் தெரியும். அப்படிப்பட்டவளைப் பெட்ரோல் பங்கில் பார்த்து நம் தெரு பல் டாக்டர், ஞாயித்துக்கிழமை நாங்க ஒரு பத்து வண்டி கிளம்புறோம், வர்றீங்களா என்று கேட்டார். ஒரு மரியாதைக்காகக் கேட்டிருப்பார் போல, நான் உடனே வர்றேன் என்றதும் கொஞ்சம் முழித்தார். அப்படித்தான் சேர்ந்தேன். வீடு கட்டி விற்கிற ஒருவர்தான் அங்கே தலைவர், கேப்டன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். இன்னொருவன் பார்சல். வாரம் முழுக்க வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற பையன், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவன் இருப்பான், ஞாயிற்றுக்கிழமையும் அதே சின்ன வண்டியில், அதே மஞ்சள் கோட்டோடு, பின்னால் அதே கம்பெனிப் பெட்டியோடு வந்து நிற்பான். வாய் மட்டும் பெரிய இன்ஜின்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வழி தெரிந்தவர் முன்னால் போவார், கேப்டன்தான். ரோடு பிரிகிற இடம் வந்தால் அவருக்கு அடுத்து வருகிற வண்டி அங்கேயே ஓரமாக நின்று, பின்னால் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று கை காட்ட வேண்டும். எல்லாரும் போன பிறகு கடைசி வண்டி வரும், கடைசி யார் என்பதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுவார்கள். அந்த வண்டி கண்ணில் படும்வரை நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. கடைசி வண்டி எப்போதும் பார்சல்தான், வண்டியும் மெதுவாக வரும், மஞ்சள் கோட்டும் தூரத்திலேயே தெரியும். அன்றைக்கு அணைக்கட்டுக்குப் போனோம். ரோடு இரண்டாகப் பிரிகிற ஒரு இடத்தில், ஒன்று அணைக்கு, இன்னொன்று கல்குவாரிக்கு, என் முறை வந்தது, நின்றேன். வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன, கை காட்டினேன், கையசைத்துவிட்டுப் போனார்கள். பார்சல் மட்டும் வரவில்லை. நிற்கிறேன், நிற்கிறேன், வெயில் தலைக்கு மேல் ஏறுகிறது, போனில் ஒரு கோடு கூட சிக்னல் இல்லை. குவாரிக்குப் போக வேண்டிய ஒரு லாரி என் கையைப் பார்த்து அணைப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அதே லாரி திரும்பி வந்தது, டிரைவர் தலையை வெளியே நீட்டி, ஏம்மா, உனக்கு யார் இங்க டூட்டி போட்டது, எனக்கு எதுக்கு கை காட்டின என்று திட்டிவிட்டுப் போனார். கிளம்பியிருக்கலாம், யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. ஆனால் நான் போன பிறகு பார்சல் வந்து குவாரிப் பக்கம் திரும்பிவிட்டால்? எங்கேயாவது விழுந்து கிடந்தால்? இந்த இரண்டும்தான் மாறி மாறி ஓடியது. நீ இப்போது பயப்படுவது போலத்தான் நானும் அங்கே பயந்தேன், அந்த நேரத்தில் இந்த வண்டியை உன் சித்தி மகன் தலையிலேயே கட்டிவிடலாம் என்று நினைத்ததும் உண்மை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், மஞ்சள் கோட்டு தெரிந்தது. கிட்டே வந்ததும் அவன் முகத்தைப் பார்க்கிறேன், கொதிக்கிறான். விஷயம் இதுதான். வழியில் டீ குடிக்க நின்றபோது, நான் பாத்ரூம் வரிசையில் இருந்த நேரம், கேப்டன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, உன் வண்டிக்கு இந்த ஏத்தம் தாங்காதுப்பா, ஃபோட்டோல வேற அந்தப் பெட்டி அசிங்கமா தெரியுது, நீ இப்படியே வீட்டுக்குத் திரும்பிக்கோ என்று அனுப்பிவிட்டார். கடைசி வண்டியை அனுப்பினவர் அடுத்த கடைசி யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. நான் வராத வண்டிக்காகக் காத்து நின்றிருக்கிறேன்! என்னக் காப்பாத்தவா திரும்பி வந்த என்று கேட்டேன். இல்லக்கா, நீங்க நிக்கிறதே எனக்குத் தெரியாது, பாதி வழி போனதுக்கு அப்புறம்தான் அந்தாள நாக்கப் புடுங்குற மாதிரி கேக்க நல்ல கேள்வி ஒண்ணு தோணுச்சு, கேட்டுட்டுப் போயிடலாம்னு வந்தேன் என்றான். எனக்கு வந்த சிரிப்பில் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரோட்டோரத்தில் உட்கார்ந்து அவன் பாட்டில் தண்ணீரைக் காலி பண்ணிவிட்டு, வாடா, ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போம் என்று கிளம்பினோம்.

போய்ச் சேர்ந்தபோது அவர்கள் சாப்பிட்டு முடித்து, வண்டிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழியெல்லாம் அந்தக் கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான் பார்சல். கேப்டன் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வணக்கம் சார் என்கிறான், பாவி. நான்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரு ஆள் குறையுதே, தேடவே இல்லையா சார் என்றேன். வீட்ல ஏதாவது வேலை இருந்திருக்கும், பாதில திரும்பிட்டீங்கன்னு நினைச்சோம் மேடம் என்றார். வீட்டு வேலைய இன்னைக்கு என் வீட்டுக்காரர் பாக்குறார், கடைசி வண்டிய அனுப்பிட்டா அடுத்த கடைசி யாருன்னு சொல்றது உங்க வேலை, அத யார் பாக்குறது என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, இனிமே சின்ன வண்டிங்க வேண்டாம்னு ஒரு ரூல் போட்டுடலாம், எல்லாரோட பாதுகாப்புக்கும் நல்லது, உங்களுக்குப் பிரச்சினையே இல்ல மேடம், உங்க வண்டி பெரிய வண்டி என்றார். பாதுகாப்பு என்ற வார்த்தையை இவர்கள் எடுக்கும்போதெல்லாம் யாரையோ கழற்றிவிடப் போகிறார்கள் என்று அர்த்தம், ஆஸ்பத்திரியில் எங்களை முன்வாசல் வழியாக வராதே என்று சொல்வதும் அதே பாதுகாப்புக்குத்தான். அந்தப் பையன் கொண்டுவந்து கொடுக்கிறதை வாரம் முழுக்க வாசலில் வாங்கிக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை அவன் பக்கத்தில் நின்றால் மட்டும் படம் கெட்டுவிடுமாம். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நிமிஷம் நானும் கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டால் எனக்கு இடம் இருக்கிறது, அணைத் தண்ணீர் இருக்கிறது, அடுத்த ஞாயிறு மலை இருக்கிறது. யாராவது பேசுவார்களா என்று பார்த்தேன், பல் டாக்டர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. அப்புறம், பெரிய வண்டி என் பொண்ணோடது சார், நான் சின்ன வண்டி ஆள்தான், இவனோடயே கிளம்புறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பின்னாலேயே பெரிய கூட்டம் வந்தது என்று நினைக்காதே. ஒரே ஒருத்தி வந்தாள், நீச்சல் சொல்லிக்கொடுக்கிற பெண், மீன் என்று கூப்பிடுவோம். பல் டாக்டர் மறுநாள் போன் பண்ணி, நீங்க கேட்டது கரெக்ட்தான் என்று ரகசியமாகச் சொன்னார். இத அங்கேயே சொல்லியிருந்தா பல்லு கொட்டியிருக்குமா டாக்டர் என்று கேட்டேன், வைத்துவிட்டார்.

இப்போது நாங்கள் மூன்று வண்டி. போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவை போனோம். இருப்பதிலேயே மெதுவான வண்டிதான் முன்னால் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம், அப்போது யாரும் யாரையும் விட்டுவிட்டு ஓட முடியாது. பார்சல் முன்னால் போனான், பதவி வந்ததும் அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் போய், கையை நீட்டி நீட்டி எங்களை அடக்குகிறான், மீன் ஹாரன் அடித்து அடித்துத் திட்டிக்கொண்டே வந்தாள். இதைக் கேட்டால் நீ நாற்காலியிலிருந்து விழுவாய், என் பின்னால் உட்கார்ந்து வந்தது உன் அப்பா. லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற மனிதர், பைக் என்றால் மட்டும் நடுங்குவார், நீ எத்தனை தடவை கூப்பிட்டும் ஏறியதில்லை. மெதுவாத்தான் போவோம் என்று அவரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். முதலில் என் தோளைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது, அப்புறம் பிடி தளர்ந்தது, அப்புறம் இந்த வேகத்துக்கு நடந்தே வந்திருக்கலாமே என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். மலை வரை போய்ச் சேரவில்லை. ரயில் பாலத்துக்குக் கீழே நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அடுத்த தடவை எப்ப என்று ராத்திரி அப்பாவே கேட்டார்.

உன் கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஏதாவது ஆனால் நீ எப்படி வருவாய் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த அன்றைக்கு எனக்கும் இதே கேள்விதான், பதில் இல்லாமல்தான் உன்னை அனுப்பினேன், பயத்தைக் காட்டி உன்னை நிறுத்தவில்லை. நான் செய்யக்கூடியது என் பங்குக்குச் சரியாக ஓட்டுவது. நீ வாங்கி வைத்த ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் எல்லாம் போடுகிறேன், அதைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினால் டெய்லர் அம்மா சிரிக்கிறார், சிரிக்கட்டும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.

வண்டி உன் பேரில் இருக்கிறது, நீ முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து வாங்கியது, யாருக்குக் கொடுப்பது என்பது உன் இஷ்டம். இதுவரை உன்னிடம் நான் கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதுதான், எனக்கென்று எதுவும் கேட்டதில்லை, கேட்கத் தெரியவும் தெரியாது. இப்போது கேட்கிறேன். அந்த வண்டி எனக்கு வேண்டும். நீ திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்வதற்கு இல்லை, எனக்கே எனக்கு, என் பேரில். மாட்டேன் என்று நீ சொன்னால் சாவியைச் சித்தி மகனிடம் கொடுத்துவிடுகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வாரம் மட்டும் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். சரி என்று சொன்னால் உன் சித்திக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு, நான் சொன்னால் அது சண்டையாகிவிடும்.

மணி அடித்துவிட்டார்கள், அடுத்த டிரம் துணியை இறக்க வேண்டும். போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும், கிடைக்காத இடத்தில் வாயைத் திறந்து கேட்கிற தைரியம் கிடைக்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இரு. அறைச் சாவி இன்னொன்றைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்து வை, மறக்காதே. பதிலை எழுதிக்கொண்டெல்லாம் இருக்க வேண்டாம், ஒரு வார்த்தை அனுப்பினால் போதும்.

முத்தங்களுடன்,
உன் அம்மா